நாலு பேர் கூடி விளையாட ஓர் இடம் இல்லையா?

நாலு பேர். வாரத்துக்கு ஒரு ராத்திரி. ரெண்டு மணி நேரம். சேர்ந்து விளையாட ஒரு ஆன்லைன் கேம் வேணும். இவ்வளவுதாங்க கேட்டோம். இது பேராசையா? நீங்களே சொல்லுங்க.

அந்த நாலு பேர் யாருன்னு சொன்னாத்தான் சிக்கல் புரியும். நான் அரியாங்குப்பம். பெரியப்பா மகன் பாரிஸ் பக்கத்துல இருக்காரு. பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பம், புதுச்சேரியில இது ஒண்ணும் புதுசில்லை. கூடப் படிச்சவன் ஒருத்தன் சிங்கப்பூர்ல. நாலாவது, முருங்கப்பாக்கத்துல இருக்கற அக்கா மகன், காலேஜ் பையன். இங்கே ராத்திரி எட்டரைன்னா சிங்கப்பூர்ல பதினொண்ணு, பாரிஸ்ல சாயங்காலம் நாலு, கோடைன்னா அஞ்சு. எல்லாருக்கும் தோதா சனிக்கிழமையில அந்த ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்கவே பெரிய பேச்சுவார்த்தை நடந்துச்சு. சரி, நேரம் அமைஞ்சுது. கேம்?

"வீடியோ கால்ல பேசிக்க வேண்டியதுதானே"ன்னு வீட்டுல கேக்கறாங்க. வீடியோ கால்ல என்னங்க பேசறது? சாப்பிட்டியா, வேலை எப்படிப் போகுது, அங்கே குளிரா. அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடும். அப்புறம் ஆளாளுக்கு ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போதுதான் பேச்சு தானா வரும். நாலு பேரும் ஒரு குகைக்குள்ள நுழையறோம், ஒருத்தன் முன்னால நின்னு அடி வாங்கறான், ஒருத்தன் ஹீல் பண்றான், நடுவுல அண்ணன் திடீர்னு "ஏன்டா, வீராம்பட்டினம் தேர் இந்த வருஷம் என்னைக்கு?"ன்னு கேக்கறாரு. அந்தக் கேள்விக்காகத்தான் எனக்கு இந்தக் கேம் வேணும். டிராகன் செத்தா என்ன, பொழைச்சா என்ன.

அதனாலதான் எம்எம்ஓஆர்பிஜி. ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல உலாவுற வகை. அஞ்சு நிமிஷத்துல சுட்டு முடிச்சு வெளியே வர்ற கேம் இல்லை. அங்கே உங்களுக்குன்னு ஒரு ஆள், ஒரு தொழில், ஒரு கூட்டம். வருஷக்கணக்குல போய்க்கிட்டே இருக்கலாம். நேரத்தைக் கொட்டற இடம்ங்கறதால, பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

எங்க போய்ப் பார்க்கறது? யூடியூப்ல "டாப் 10" போட்டுத் தள்ளறாங்க. கிராஃபிக்ஸ் எப்படி, கதை எப்படி, எத்தனை விதமான குதிரை. அதுல பாதிக்கு ஸ்பான்சர். பார்க்கற நமக்கு மூணே கேள்வி. சர்வர் எங்கே இருக்கு? காசை எப்படிக் கட்டறது? இந்தக் கேம் எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்? இந்த மூணுக்கும் எந்த வீடியோவிலயும் பதில் இல்லை. அமெரிக்காவுல உக்காந்து விளையாடறவருக்கு முதல் ரெண்டு கேள்வியும் எழவே எழாது. அவர் போடற லிஸ்ட்டை நாம பார்த்துக்கிட்டு இருக்கோம்.

சர்வர்லேருந்தே ஆரம்பிப்போம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பர்ல வந்தது. 2010-ல ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்னு அறிவிச்சாங்க. இந்தியாவுக்குன்னு ஒரு சர்வர் உண்டா? இன்னிவரைக்கும் கிடையாது. ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியப் பக்கம்னு நாலு இடத்துல டேட்டா சென்டர். நாம எதுல சேர்த்தி? எதுலயும் இல்லை. கில்ட் வார்ஸ் 2-வுக்கு வட அமெரிக்கா, ஐரோப்பா, அவ்வளவுதான். நல்ல கேம்ங்க அது, மாசச் சந்தா கிடையாது, 2012-லேருந்து ஓடுது. ஆனா நம்ம வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல பாதி உலகம் கிடக்குது.

ஃபைபர்ல ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அரியாங்குப்பத்துலேருந்து சிக்னல் சென்னைக்குப் போய், கடலுக்கடி கேபிள்ல இறங்கி, சிங்கப்பூர் தொட்டுத் திரும்பி வர்றதுக்குக் கணக்குப்படி 30 மில்லிசெகண்ட் போதும். நடைமுறையில கொஞ்சம் கூடும், ஆனா தாங்கும். ஐரோப்பான்னா செங்கடல் சுத்தி, மத்தியதரைக் கடல் ஏறிப் போகணும். நல்ல நாள்லயே 150-க்கு மேல. கெட்ட நாள்னா? 2025 செப்டம்பர்ல ஜித்தா பக்கத்துல கேபிள் அறுந்துச்சே, ஞாபகம் இருக்கா? இந்தியா, பாகிஸ்தான் வரைக்கும் நெட் இழுத்துச்சு.

இந்த மில்லிசெகண்ட் எல்லாம் என்ன பெருசான்னு தோணும். நான் ஹீலர் ஆடறவன். ஸ்கிரீன்ல கூட ஆடற ஒருத்தனோட உயிரைக் காட்டற பச்சைக் கோடு பாதியில நிக்குது. பட்டனைத் தட்டறேன். மந்திரமும் போட்டாச்சு, கையிலேருந்து வெளிச்சம் கிளம்பறதைக் கண்ணால பார்க்கறேன். ஆனா சர்வர் கணக்குல அவன் அதுக்கு முன்னாலயே செத்துட்டான். கீழே கிடக்கற உடம்பு மேல என் வெளிச்சம் போய் விழுது. கூட இருக்கற முகம் தெரியாத நாலு பேர் சாட்ல என்னைத் திட்டறாங்க. யாருக்குப் போய் செங்கடல் கதையைச் சொல்றது?

இதுக்கும் மேல ஒரு கொடுமை, பிராந்தியச் சுவர். ஆல்பியன் ஆன்லைன்னு ஒண்ணு இருக்கு. 2017-ல வந்து, 2021-ல போனுக்கும் வந்து, 2023 மார்ச்ல ஆசியாவுக்குன்னே தனி சர்வர் திறந்தாங்க. கேட்டதும் சிங்கப்பூர்காரன் குதிச்சான். எங்களுக்கும் பிங், அதாவது சிக்னல் போய்த் திரும்பற நேரம், பிரமாதம். ஆனா அமெரிக்கா, ஆசியா, ஐரோப்பா மூணும் மூணு தனித்தனி உலகம். ஐரோப்பாவுல வளர்த்த ஆளை ஆசியாவுக்குக் கொண்டு வர முடியாது. அண்ணன் எங்களோட வரணும்னா, அவர் வாசல்ல இருக்கற சர்வரை விட்டுட்டு, ஆரம்பத்துலேருந்து தொடங்கி, எங்க கஷ்டத்தை அவர் அனுபவிக்கணும். குடும்பத்தைச் சேர்க்கத்தானே கேம் தேடினோம்? இங்கேயும் விசா பிரச்சினையா?

ஈவ் ஆன்லைன் இந்த விஷயத்துல மரியாதையானது. ஐஸ்லாந்துக் கம்பெனி, 2003-லேருந்து நடத்துது. சீனாவைத் தவிர உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒரே பிரபஞ்சம். சர்வர் லண்டன்ல. ஆனா அக்கா மகன்கிட்ட கம்ப்யூட்டர் இல்லை, போன்தான். போனுக்குன்னு ஈவ் எக்கோஸ்னு ஒண்ணு விட்டாங்க. அதையாவது ஆடலாம்னு பார்த்தா, 2022 பிப்ரவரியில மத்திய அரசு தடை பண்ணின 54 ஆப்ல அதுவும் ஒண்ணு. ஃப்ரீ ஃபயர் போனதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. அதே லிஸ்ட்ல சத்தமில்லாம எத்தனை பேரோட கேம் போச்சுன்னு யாரு கவலைப்பட்டாங்க? தேசப் பாதுகாப்புன்னா சரி, அரசாங்கத்துக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாது. ஆனா உள்ளே காசு போட்டிருந்த பையனுக்கு ஒரு பதில், ஒரு ரீஃபண்ட் வழி சொல்ல வேணாமா?

அப்போ போன் கேமே பார்ப்போம்னு இறங்கினா, அது தனி நரகம். ஸ்டோர்ல எம்எம்ஓன்னு தேடிப் பாருங்க. வாள் பிடிச்ச ஒரே மாதிரி முகங்கள் வரிசையா வரும். ஒண்ணைத் திறந்து அக்கா மகன் காட்டினான். "மாமா, இது தானா ஆடும் மாமா. ஆட்டோ பட்டனைத் தட்டிட்டா போதும்." ஆள் தானா ஓடுறான், தானா சண்டை போடுறான், தானா பேசறான், தானா லெவல் ஏறுது. நாம என்ன செய்யணும்? நடுநடுவுல வர்ற சிவப்புப் புள்ளிகளைத் தட்டணும். கடைசிச் சிவப்புப் புள்ளி எப்பவும் கடையிலதான் போய் நிக்குது. ஒரு பெட்டி. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. 89 ரூபாய்.

பெல்ஜியத்துல 2018-லயே இந்தப் பெட்டி வியாபாரத்தைச் சூதாட்டம்னு சொல்லிட்டாங்க. அதனால டயாப்லோ இம்மார்ட்டல்ங்கற கேம் 2022-ல வெளியானப்போ பெல்ஜியம், நெதர்லாந்து ரெண்டு நாட்டுலயும் விடவே இல்லை. இங்கே 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்துச்சு. நல்லது, பணம் வெச்சுப் பணம் ஜெயிக்கற ஆட்டத்தை நிறுத்தினாங்க. எத்தனையோ குடும்பம் அதுல அழிஞ்சுது, வரவேண்டிய சட்டம்தான். ஆனா அந்தப் பேச்செல்லாம் பணம் ஜெயிக்கற ஆட்டத்தைப் பத்தித்தான். பணத்தைப் போட்டு ஒரு பொம்மை வாளுக்காகப் பெட்டி மேல பெட்டியா உடைக்கற காலேஜ் பையன் அந்தப் பேச்சுல எங்கே வர்றான்?

சரிங்க, நேர்மையா மாசச் சந்தா வாங்கற கேமுக்கே போவோம். காசு கட்டத் தயார். கட்ட விட்டாத்தானே!

புது கார்டுன்னா வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதல்ல அணைச்சே வரும், 2020 மார்ச்லேருந்து ரிசர்வ் வங்கி விதி அது. ஆப்ல போய் நாமதான் ஆன் பண்ணணும். பண்ணியாச்சு. 2021 அக்டோபர்லேருந்து மாசாமாசம் தானா எடுக்கற பணத்துக்குத் தனி அனுமதி, முன்னறிவிப்பு, இன்னும் என்னென்னமோ. நம்ம பணத்துக்குப் பாதுகாப்புன்னுதான் இந்த விதிகள், நான் குறை சொல்லலை. ஆனா வெளிநாட்டுக் கேம் கம்பெனி இதுக்கு ஒத்து வர்ற மாதிரி தன் கவுன்ட்டரை மாத்திக்க வேணாமா? ஒரு கேம்ல சந்தா சனிக்கிழமை சாயங்காலம் முடிஞ்சுது. கார்டைப் போட்டேன், "பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது". பேங்க்ல கேட்டா "எங்க பக்கம் கிளியர் சார், வியாபாரியைக் கேளுங்க." வியாபாரிக்கு மெயில் போட்டா "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்." ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கிட்டே இருந்தாங்க. எட்டரை ஆச்சு. மத்த மூணு பேரும் உள்ளே காத்திருக்காங்க. டீக்கடையில அஞ்சு ரூபாய்க்கு யுபிஐ எடுக்கற நாட்டுல இருக்கோம். ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ரூபாயிலயே விலை, யுபிஐயும் எடுக்கறான். அப்போ முடியாத காரியம் இல்லை. செய்யணும்னு தோணலை, அதான்.

"ஃபைனல் ஃபேண்டஸி ஃப்ரீ ட்ரையல் ஆடுங்களேன்"னு எல்லாரும் சொல்றாங்க. உண்மைதான், லெவல் 70 வரைக்கும் காலக்கெடுவே இல்லாம விடறாங்க. 2010-ல அந்தக் கேம் படுமோசமா வெளியாகி, யோஷிதாங்கறவர் பொறுப்பெடுத்து, பழைய உலகத்தையே இடிச்சு, 2013-ல திரும்பக் கட்டி எழுப்பினாரு. தப்பை ஒத்துக்கிட்டு அப்படி உழைச்ச கம்பெனி இந்தத் தொழில்ல ரொம்பக் கம்மி, அந்த மரியாதை எனக்கு எப்பவும் உண்டு. ஆனா ட்ரையல்ல இருக்கறவன் பார்ட்டி அமைக்க முடியாது. நாலு பேரும் ட்ரையல்னா யார் யாரைக் கூப்பிடறது? தனியா ஆடறதுக்குத் தாராளம். சேர்ந்து ஆடத்தானே வந்தோம்!

காசு கட்டி உள்ளே போனா, அங்கே வீடு வாங்கலாம். எங்க அண்ணனுக்கு அதுல அவ்வளவு ஆசை. அரியாங்குப்பம் வீட்டுத் திண்ணை மாதிரியே ஒண்ணு அமைக்கணும்னாரு. அந்த வீட்டுக்கு லாட்டரி. விழுந்தாலும், 45 நாள் உள்ளே காலெடுத்து வைக்கலைன்னா இடிச்சுடுவாங்க. இடம் கம்மி, கேக்கறவங்க ஜாஸ்தி, நியாயம்தான்னு வெச்சுக்குங்க. பெரிய நிலநடுக்கம், காட்டுத்தீன்னு வந்தா இடிக்கறதை நிறுத்தியும் வைக்கறாங்க, அந்த மனசு இருக்கு. எல்லாக் கம்பெனிக்கும் அந்த யோசனை வரணும்.

ஏன்னு சொல்றேன். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் எங்க கரையைக் கடந்த ராத்திரி. புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணி, கரண்ட் இல்லை, நெட் இல்லை. ஊர் ஓரளவு எழுந்து, போன் சார்ஜ் ஏறி, அதுல இருந்த ஒரு கேமைத் திறந்தா முதல் ஸ்கிரீன்ல என்ன தெரியுமா? "உங்கள் தொடர் வருகை முறிந்தது." அந்த மாசப் பரிசு போச்சு. விட்ட நாளை மீட்கணும்னா காசு கொடுத்து வாங்கலாம், பட்டன் பக்கத்துலயே இருக்கு.

இதுதாங்க என்னைக் குத்துது. கண்டிஷன் பெயில்ல வந்தவன் ஸ்டேஷனுக்குப் போய்த் தினமும் கையெழுத்து போடற மாதிரி, ஒரு விளையாட்டுக்கு நான் ஏன் தினமும் ஆஜராகணும்? தினக் கடமை, வாரக் கடமை, சீசன் பாஸ், மூணு நாள்ல முடியற சலுகை. வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளைப் படிக்க வெச்சுட்டு, மிச்சம் இருக்கற நேரத்துல சந்தோஷமா இருக்கத்தான் இதைத் தேடறோம். அங்கேயும் ஒரு மேனேஜர் உக்காந்து அட்டெண்டன்ஸ் எடுக்கறான். எந்தக் கேமை எடுக்கலாம்னு நாம யோசிக்கறோம். எவன் எத்தனை மணி நேரம் மாட்டுவான்னு அவங்க கணக்குப் போடறாங்க.

மொழியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். அண்ணன் பிள்ளைங்க இந்தக் கேம்களை பிரெஞ்சுல ஆடறாங்க. ஜெர்மன் உண்டு, ஜப்பானியம் உண்டு. நாங்க ஆடின ஒண்ணுல தமிழ்ல டைப் பண்ணினா கட்டம் கட்டமாத்தான் வந்துச்சு. குரல் கொடுத்து முழுசாத் தமிழ்ல வசனம் பேசுன்னு நான் கேக்கலை. நான் அடிக்கற "டேய், பின்னாடி பாரு" எழுத்தாத் தெரிஞ்சாப் போதும்.

இப்போ மூணாவது கேள்வி. எத்தனை வருஷம்?

2000-களின் நடுவுல ராக்னராக் ஆன்லைனை லெவல் அப்ங்கற கம்பெனி இந்தியாவுக்குன்னே சர்வர் போட்டுக் கொண்டு வந்தாங்க. சிஃபி ஏ3-ன்னு இன்னொண்ணைக் கொண்டு வந்துச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி! இந்திய சர்வர்! எங்க வயசுக்காரங்க பிரவுசிங் சென்டர்ல டப்பா மானிட்டர் முன்னாடி உக்காந்து விளையாடின காலம். ப்ரொன்டெரான்னு ஒரு நகரம் அதுல. வாசல் தெருவெல்லாம் வியாபாரி ஆளுங்க தரையில உக்காந்து, தலைக்கு மேல போர்டு போட்டு, மருந்தும் கவசமும் விப்பாங்க. சண்டைக்கே போகாம கடை போட்டே காசு சேர்த்தவன் உண்டு. ஞாயித்துக்கிழமை சந்தை தோத்துடும், அவ்வளவு கூட்டம். அந்த இந்திய சர்வர் ரெண்டும் நிலைக்கலை. உள்ளே வாழ்ந்த ஆளுங்க எல்லாம் எங்கே போனாங்க? ஒரு தடயம் கிடையாது.

இங்கே மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2011 டிசம்பர்ல மூடினாங்க. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர்ல. அமேசான் விட்ட நியூ வேர்ல்ட், 2021 செப்டம்பர்ல வெளியானப்போ ஸ்டீம்ல ஒரே நேரத்துல 9 லட்சத்துக்கு மேல பேர். 2025 அக்டோபர்ல, இனிமே புதுசா எதுவும் வராதுன்னுட்டாங்க. நாலே வருஷம்! உலகத்துலயே பெரிய கம்பெனிகள்ல ஒண்ணு, காசுக்கா பஞ்சம்? அவ்வளவு பெரிய வீட்டுக்காரனே கடையைக் கட்டினா, சின்னக் கம்பெனியை நம்பி எப்படி வருஷங்களைக் கொட்டறது?

2024-ல தி க்ரூங்கற கார் கேமை மூடினப்போ ராஸ் ஸ்காட்ங்கறவர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்"னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாரு. வித்த கேமை ஆட முடியாத நிலையில விட்டுட்டுப் போகாதே, அதுதான் கோரிக்கை. ஐரோப்பாவுல 2025-க்குள்ள 10 லட்சம் கையெழுத்து தாண்டிடுச்சு. அண்ணன் போட்டாரு. நாங்க போட முடியலை, ஐரோப்பியக் குடியுரிமை வேணும். கலிஃபோர்னியாவுல 2025-லேருந்து ஒரு சட்டம்: டிஜிட்டல் பொருளை "வாங்குங்க"ன்னு விக்கறப்போ, இது உங்களுக்குச் சொந்தமில்லை, வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லணும். நமக்கு அதையாவது சொல்றாங்களா?

கத்தினா நடக்கும்ங்கறதுக்கும் சாட்சி இருக்கு. வார்கிராஃப்டோட பழைய வடிவத்தை ரசிகர்களே நடத்தின நாஸ்டால்ரியஸ் சர்வரை 2016-ல மூட வெச்சாங்க. ரசிகர்கள் விடலை. மனு மேல மனு. 2019 ஆகஸ்ட்ல கம்பெனியே பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. சிட்டி ஆஃப் ஹீரோஸ் ரசிகர்கள் நடத்தற ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில முறையா உரிமமே கொடுத்தாங்க. மூடின கேம் பதினோரு வருஷம் கழிச்சுச் சட்டப்படி உயிரோட இருக்கு. கேட்டவங்களுக்குக் கிடைச்சுது. நம்ம ஊர்ல கேம்னா வெட்டி வேலைன்னு சொல்லிச் சொல்லியே, கேக்கறதுக்கு வாய் வராம பண்ணிட்டாங்க.

எங்க நாலு பேருக்கு இப்போதைக்கு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்தான் சரிப்படும்னு முடிவு பண்ணியிருக்கோம். 2018-லேருந்து போன்லயும் இருக்கு, அதே ஆள், அதே உலகம், அக்கா மகன் பஸ்லயே மீன் பிடிச்சுக்கிட்டு வரலாம். எந்த நாட்டு சர்வருக்குள்ள வேணும்னாலும் அதே ஆளோட போகலாம், சுவர் கிடையாது. அந்தக் கேம் 0.6 விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்குது, அதனால நம்ம பிங்கை ஓரளவு மன்னிச்சுடும். பார்க்கறதுக்குப் பழைய காலத்துக் களிமண் பொம்மை மாதிரி இருக்குன்னு பையன் மூஞ்சியைச் சுளிச்சான். என்ன பண்றது? பளபளப்பா இருக்கற எதுவும் எங்க நாலு பேரை ஒண்ணா உள்ளே விடலை.

ஆனா இதோட சமாதானமாகிப் போக எனக்கு மனசில்லை. வாலரன்ட்டுக்கு 2020-லயே மும்பையில சர்வர் போட்டாங்கல்ல? சுடற கேமுக்கு முடிஞ்சது இதுக்கு ஏன் முடியாது? அதைச் செஞ்ச அதே ரயட் கம்பெனி 2020 டிசம்பர்ல எம்எம்ஓ செய்யறோம்னு சொன்னாங்க, 2024-ல முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கோம்னாங்க. ஆரம்பத்துலேருந்துதானே செய்யறீங்க? இப்பவே மும்பையிலயோ சென்னையிலயோ ஒரு சர்வருக்கு இடம் ஒதுக்குங்க. ஸ்டோர் பக்கத்துல குதிரைப் படத்துக்குக் கீழே, சர்வர் எந்த ஊர்ல, மாசம் எத்தனை ரூபாய், குறைஞ்சது எந்த வருஷம் வரைக்கும் நடத்துவோம்னு மூணே வரி போடுங்க. யுபிஐ எடுத்துக்குங்க. தமிழ் எழுத்து சாட்ல தெரியட்டும். நாங்க காசு கட்டத் தயாரா நிக்கறோம்.